மொழிபெயர்க்காமல் விட்டது

மொழிபெயர்ப்பாளர் வந்து சேராததால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தாப்பாவிலிருந்து மலைமேல் ஏறும் சாலையில் விடியற்காலை மண் சரிந்து, வண்டிகளெல்லாம் ரிங்லெட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன. மொழிபெயர்ப்பாளர் அந்த வரிசையில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார். நாடாளுமன்றக் குழு முந்தின நாளே வந்து தானா ராத்தாவில் தங்கியிருந்தது.

நான் தானா ராத்தாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. காலை எட்டரை மணிக்கு என் மேலதிகாரி மேசைக்கு அருகில் வந்து நின்று, "உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே?" என்று மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். "தேயிலைத் தோட்டத்தில் ஒரு கூட்டம். தொழிலாளர்கள் பேசுவதை ஒய்பிகளுக்கு மலாயில் சொல்லவேண்டும். இரண்டு மணி நேர வேலை." நாடாளுமன்ற உறுப்பினர்களை எங்கள் பக்கத்தில், யாங் பெர்ஹோர்மாட் என்பதைச் சுருக்கி, ஒய்பி என்றுதான் சொல்வது.

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். நான் பிறந்த தோட்டம்.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். தானா ராத்தாக்காரி என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து தானா ராத்தாவில்தான் இருக்கிறேன் என்பதால் அது பொய்யும் இல்லை. அப்பா செடிகளுக்கு மருந்தடித்தவர், அம்மா கொழுந்தெடுத்தவர், நான் பத்தொன்பது வயதுவரை லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருந்தவள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்பது என் சாக்கு.

என்னை அழைத்துப்போக வந்தவள் குழுவின் செயலகத்தைச் சேர்ந்த இளம் அதிகாரி. மரியாதையான மலாய்ப் பெண். காரில் போகும்போதே ஒரு தாளைக் கொடுத்தாள். அரசாங்கம் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தப்போகிறது என்றாள். அந்தத் திருத்தத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று யோசனை சொல்வதற்காக இந்தக் குழு தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது.

"குழு சொல்வதையெல்லாம் அமைச்சு ஏற்றுக்கொள்ளுமா?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றையும் ஏற்காது. ஆனால் குழுவின் அறிக்கையில் ஒரு விஷயம் ஏறிவிட்டால் அமைச்சு அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். அறிக்கையில் ஏறாத விஷயத்தை யாரும் தேடிப்போய் எடுத்துவர மாட்டார்கள், அக்கா. வேறு எவ்வளவோ காத்துக்கிடக்கிறது."

சட்டம் என்றால் கோலாலம்பூரில் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். எதைப் பற்றிச் சட்டம் போடவேண்டும் என்று முடிவாவது அதற்கு முன்னாலேயே, தகரக் கூரை போட்ட ஒரு தோட்டத்து மண்டபத்தில் நடக்கலாம் என்பது எனக்குப் புதிது.

தாளில் வரிசையாக எழுதியிருந்தது. கூரையும் சுவரும். குடிநீர். மின்சாரக் கம்பிகள். கழிப்பறையும் வடிகாலும். ஐந்தாவது வரியில், தொடர்புடைய பிற விஷயங்கள்.

"முதல் நாலுக்குள் வருவதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நேரம் குறைவு" என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னது அவ்வளவுதான். ஐந்தாவது வரியை நான் படித்தேன். படித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கவேண்டும். பின்னால் பல மாதம் எனக்கு நானே, நாலுக்குள் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோட்டம் பெரிதாக மாறியிருக்கவில்லை. செடிகள் அதே மாதிரி மேட்டிலும் பள்ளத்திலும் அடர்ந்து கிடந்தன. இப்போது கொழுந்தை மிஷின் வைத்து வெட்டுகிறார்கள். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நேப்பாளிகள், வங்காளதேசிகள். லயத்துக் கூரைகளில் துரு இறங்கியிருந்தது. மண்டபத்துக்கு மட்டும் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் வாசனை போகவில்லை.

மேடைக்கு முன்னால் நீளமான மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஆறு ஒய்பிகள். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முதல் வரிசையில் மேனேஜர், அவருக்குப் பக்கத்தில் கிராணி, தோட்டத்து ஆபீஸ் கணக்கர். கிராணி தமிழர். அவர்களுக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில். நான் மேசையின் ஓரமாக நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒருவர் மடிக்கணினியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் மலாயில் சொல்வதை மட்டும்தான் அவர் தட்டினார். ஒலிப்பதிவு ஒன்றும் இருக்கவில்லை.

முதலில் பேசியவர் ஒரு டிரைவர். கூரை ஒழுகுவதைச் சொன்னார். இரண்டாவது ஒரு வயதான அம்மா, குழாயில் செந்தண்ணீர் வருவதைச் சொன்னார். இரண்டையும் ஒழுங்காகச் சொன்னேன். சொல்லப்போனால் அவர்கள் பேசியதைவிட அழகாகவே சொன்னேன். ஒய்பிகள் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவதாக எழுந்தவள் என்னோடு படித்தவள்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளிடம் ரப்பர் செருப்பு, என்னிடம் ஷூ. எங்கள் சர்ச்சில் யாரோ கொடுத்தது. அவள் கோயில் வீட்டுப் பிள்ளை, நான் சர்ச் வீட்டுப் பிள்ளை. தீபாவளிக்கு முறுக்கும் கிறிஸ்மஸுக்குக் கேக்கும் மாறி மாறிப் போகும். ஆறாம் வகுப்புக்குப் பிறகு நான் இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அவளும் வந்தாள். ஒரு வருஷத்தில் நின்றுவிட்டாள். அப்புறம் கொழுந்துக் கூடை. தோட்டத்துக்குள்ளேயே கல்யாணம். ஃபேக்டரியில் வேலை செய்தவரைக் கட்டினாள். எங்கேயாவது சந்தையில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் சீக்கிரம் கையை விடுவித்துக்கொள்வேன்.

அவள் கணவர் இறந்த அன்றைக்கே எனக்குச் செய்தி வந்தது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். வேலை நாள். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. கை கூப்பிய படம் ஒன்றை அனுப்பினேன்.

மைக்கைப் பிடித்ததும் அவள் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு என்றால் உதடு அசையாத சிரிப்பு, கண்ணில் மட்டும். நான் தாளைப் பார்த்தேன்.

"ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். கூரைய மாத்துங்க, தண்ணி குடுங்கன்னு இப்ப பேசுனவங்க கேட்டாங்க. நல்லதுதான். நா அதப்பத்தி பேச வரல. நானும் எங்க வீட்டுக்காரரும் இந்தத் தோட்டத்துலதான் வேல செஞ்சோம். நா கொழுந்தெடுத்தேன். முட்டி போயிருச்சு, நின்னுட்டேன். அவரு ஃபேக்டரில. அவருக்கு அறுவது ஆனதும் லெட்டர் குடுத்தாங்க, மூணு மாசத்துல வீட்ட காலி பண்ணணும்னு. நா பொறந்தது அந்த லயம். கட்டிக்கிட்டு போனது அதுக்கு எதுத்த லயம். வேற எங்க போறது? ரிங்லெட்ல கடைக்கு மேல ஒரு ரூம்பு எடுத்தோம். ஆறே மாசம்லா, அவரு போயிட்டாரு."

இந்த இடத்தில் நிறுத்தி மொழிபெயர்த்திருக்கவேண்டும். வழக்கம் அதுதான். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்க எனக்கு வரவில்லை. அவள் தொடர்ந்தாள்.

"ஆஸ்பத்திரில பொணத்த எங்க கொண்டு போறதுன்னு கேட்டாங்க. கட மொதலாளி தவுக்கே, படி மேல ஏத்தக்கூடாது, யாவாரம் போயிரும்னுட்டாரு. அவரயும் குத்தம் சொல்ல முடியாது. பழைய வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் வச்சுக்கிறோம்னு இங்க வந்து நின்னேன். அங்க வேற ஆளுங்க இருக்காங்க, முடியாதுன்னாங்க. கடசில இந்த ஹாலக் குடுத்தாங்க. காலைல ஒம்போதுலேருந்து பன்னெண்டு வரைக்கும். இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த மேச போட்டிருக்க எடத்துலதான் அவரப் படுக்க வச்சிருந்தோம்."

அழ ஆரம்பித்துவிட்டாள். சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மைக்கில் அந்தச் சத்தமும் கேட்டது.

"முப்பத்தெட்டு வருசம் வேல செஞ்ச மனுசனுக்கு ஒரு வாசல் இல்ல. இனிமே வர்றவங்களுக்கு இப்பிடி ஆவக்கூடாது. வேல முடிஞ்சவங்களுக்கும் ஒரு வீடுன்னு சட்டத்துல எழுதுங்க. சும்மா வேணாம், மாசாமாசம் கட்டி வாங்கிக்கிறோம். சாவுற வரைக்கும் எங்களுக்குன்னு ஒரு கதவு வேணும். அதத்தான் கேக்கறோம்."

உட்கார்ந்தாள்.

ஆறு முகங்களும் என்னைத் திரும்பிப் பார்த்தன. வெள்ளை மேசைத்துணி. அதன்மேல் தட்டுகளில் கறிபாப், மூடிபோட்ட தேநீர்க் கோப்பைகள். ஒருவர் பாதி கடித்த கறிபாப்பைக் கையில் வைத்திருந்தார். இங்கேதான் ஒரு பிணத்தைப் படுக்க வைத்திருந்தோம் என்று நான் அவர்களிடம் சொல்லவேண்டும். மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் என் மேலதிகாரி. அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

பயம் என்று சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும். பயம் இல்லை. மேனேஜரால் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அந்த மூக்குத் துடைப்பு, அந்தப் 'பொணம்', தவுக்கே, படி, ரூம்பு. பெரிய மனிதர்கள் முன்னால் நம் ஆட்கள் ஏன் இப்படித்தான் பேசவேண்டும் என்று தோன்றியது. நம்மை ஒருமுறையாவது சுத்தமாக, கௌரவமாகக் காட்டக்கூடாதா என்று தோன்றியது. நம்மை என்று நான் நினைத்ததே அபத்தம். அந்த மண்டபத்தில் நான் அவர்களில் ஒருத்தி என்று தெரியாமலிருக்கத்தான் அவ்வளவு பாடுபட்டேன்.

மலாயில் மூன்று வாக்கியம் சொன்னேன். "இவர் முன்னாள் தொழிலாளி. இவருடைய கணவர் அண்மையில் காலமானார். தோட்டத்து வீடுகள் நல்ல நிலையில் இருக்கவேண்டும் என்று இவர் விரும்புகிறார்."

குறிப்பெடுப்பவர் தட்டி முடித்தார். மேசையின் மறுகோடியில் இளநீலத் தலைத்துணி அணிந்த ஒரு பெண் ஒய்பி இருந்தார். கடலோரத் தொகுதிக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"நிறைய நேரம் பேசினார். அழுதார். இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், யாங் பெர்ஹோர்மாட்," என்றேன்.

என் வாழ்க்கையில் பல பொய்கள் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் வார்த்தை மாறாமல் நினைவு வைத்திருக்கிறேன். முதலில் சொன்ன மூன்று வாக்கியத்தைச் சுருக்கம் என்று வாதிடலாம். அவர் கேட்டது ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி. நான் உள்ளே நின்று சாத்தினேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனபோது அவள் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கடந்துபோனேன். அந்தப் பக்கம் யாரும் இல்லாத கைப்பேசி. காரில் செயலகப் பெண், "நன்றாகச் செய்தீர்கள், அக்கா. நேரத்துக்குள் முடிந்துவிட்டது," என்றாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் போயிருக்கும். குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது என்று செய்தியில் பார்த்துவிட்டு, அலுவலகக் கணினியிலேயே அதைத் தேடி எடுத்துப் படித்தேன். எங்கள் தோட்டத்துக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். கூரை ஒழுகல், செந்தண்ணீர். கடைசியில், வீடுகள் நல்ல நிலையில் இருக்கவேண்டும் என ஒரு முன்னாள் தொழிலாளி விருப்பம் தெரிவித்தார் என்று ஒரு வரி. என் மலாய் அப்படியே இருந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அறிக்கையின் கடைசியில் பரிந்துரைகள். கூரை, நீர், மின்சாரம், கழிப்பறை. ஓய்வு பெற்றவர் என்ற சொல்லே இல்லை. தோட்டம் தோட்டமாகப் போனார்களே, வேறு எங்காவது யாராவது இதைக் கேட்டிருப்பார்கள் என்று முழு அறிக்கையையும் புரட்டினேன். கேட்டிருக்கலாம். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி நின்றிருக்கலாம்.

சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்த நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் நேரலை பார்த்தேன். அலுவலகக் கேன்டீனில், மூலை மேசையில், காதில் வயரை மாட்டிக்கொண்டு. பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாக இருந்தன. யாரோ வேறொரு விஷயமாக, சுற்றுலா பஸ்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த இளநீலத் தலைத்துணிக்காரர் எழுந்தார்.

"துணையமைச்சரிடம் ஒன்று கேட்கவேண்டும். வேலை முடிந்து வீட்டைக் காலி செய்யும் தொழிலாளர்கள் எங்கே போவார்கள்? இந்த மசோதாவில் அதற்கு ஒன்றும் இல்லையே? குழுவோடு மலைக்குப் போனபோது ஓர் அம்மா அழுதுகொண்டு நீண்ட நேரம் பேசினார். அவர் பேசியது வீட்டுக் கூரையைப் பற்றி மட்டும் இருக்காது என்று எனக்கு அன்றே பட்டது."

துணையமைச்சர் தாள்களைப் புரட்டினார். "மதிப்புக்குரிய உறுப்பினரும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். குழுவின் அறிக்கையில் அப்படியொரு கோரிக்கை பதிவாகவில்லை. பதிவானவற்றின் அடிப்படையில்தான் இந்த மசோதா தயாரிக்கப்பட்டது."

அந்தப் பெண் ஒய்பி நின்றபடியே தம்மிடமிருந்த அறிக்கையைத் திறந்து பார்த்தார். கேமரா அவர்மேல் சில வினாடி நின்றது. "ஆமாம். பதிவில் இல்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த மீ கோரேங் ஆறிப்போயிருந்தது. பக்கத்து மேசைப் பெண் உப்பு கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மசோதா அன்று மாலையே நிறைவேறியது. ஒரு நல்ல சட்டம்தான், அதையும் சொல்லவேண்டும். வருஷத்துக்குள் லயங்களுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். டிரைவரும் அந்த வயதான அம்மாவும் கேட்டது கிடைத்தது. அவர்கள் கேட்டதை நான் சரியாகச் சொல்லியிருந்தேன்.

விவாதம் நடந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனேன். கடை எது என்று தெரியாது. விசாரித்தேன். உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கடை. பக்கவாட்டில் குறுகலான சிமெண்டுப் படி. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே கஷ்டம். அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு கீழே கொஞ்ச நேரம் நின்றேன்.

கதவைத் திறந்தவள், "அட, வாடி வா! என்னா இந்தப் பக்கம்?" என்றாள். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கணவரின் படம். என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டிக்கொண்டாள்.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது மறந்துபோனது.

"அன்னிக்கு ஹால்ல நீ பேசுனத நா சரியா சொல்லல," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

"என்னா தெரியும்?"

"எனக்கு மலாய் தெரியாதா? மார்க்கெட்டுல பேசுறோம், ஆஸ்பத்திரில பேசுறோம். ஒன்ன மாதிரி பெரிய மலாய் வராது. காதுல வுழுந்தா புரியும்லா. நா எவ்வளவு நேரம் பேசுனேன், நீ மூணு வார்த்த சொன்ன. ஹால்ல இருந்த எல்லாருக்குந்தான் புரிஞ்சிச்சு."

மண்டபத்தில் இருந்த ஐம்பது பேர். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் புரியாது என்று நான் எதை வைத்து நினைத்தேன்? நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தானே, அங்கே யாருக்கு மலாய் தெரியாது?

"அப்ப ஏன் எந்திரிச்சு சொல்லல? அந்த ஒய்பி அம்மா கேட்டாங்களே, இவ்வளவுதானான்னு?"

அவள் நீட்டிய காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "சொல்லலாம்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. ஒன் மூஞ்சியப் பாத்தேன். வெளிறிப் போயி நின்ன. நா எந்திரிச்சு இல்ல, இவ பொய் சொல்றான்னு சொன்னா அத்தன பேரு முன்னால ஒனக்கு என்னா ஆவும்? வேலைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? நம்ம பள்ளிக்கூடத்துலேருந்து அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போயி நின்னது நீ ஒருத்திதான். வுட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டுக்குத் தயாராக வந்திருந்தேன். அழுகை வந்தது. அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது, அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து நான் அழுவது. என் மூக்கை நானும் கையாலேயே துடைத்துக்கொண்டேன். அவள் எழுந்து ஒரு துணியைக் கொடுத்தாள்.

"ஏன்டி செஞ்ச?" என்று அப்போதுதான் கேட்டாள். "மேனேஜருக்குப் பயந்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல. வெக்கமா இருந்துச்சு," என்றேன்.

"என்னயப் பாத்தா?"

அவள் கொடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே லாரியில் கோஸ் கூடைகளை ஏற்றும் சத்தம் கேட்டது. அவளுக்கு வலித்தது. அவள் மறைக்கவில்லை. மொழிபெயர்க்காததற்கு வலிக்காதவளுக்கு இதற்கு வலித்தது.

எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். குழுவின் செயலகத்துக்கு ஒரு கடிதம். அவள் சொல்லச் சொல்ல மலாயில் எழுதினேன். இந்தத் தடவை பிணம், படி, தவுக்கே, மேசை போட்டிருந்த இடம் எல்லாம் அவள் சொன்ன வரிசையிலேயே. நடுவில் ஒரு இடத்தில், "பொணம்னு நா சொன்னேன். நீ என்னா போட்டிருக்க?" என்று கேட்டாள். காட்டினேன். மரியாதையான சொல்லைப் போட்டிருந்தேன். "அது இருக்கட்டும். அவருக்குப் போட்டதுதானே," என்றாள். கடைசியில் என் பங்குக்கு ஒரு பத்தி சேர்த்தேன். அன்றைக்கு மொழிபெயர்த்தது நான். இவர் கூறியதை நான் சொல்லவில்லை. உறுப்பினர் ஒருவர் கேட்டபோதும் மறைத்தேன். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் என் மேலதிகாரியிடம் யாரோ பேசியிருந்தார்கள். அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "முடிந்துபோன விஷயத்தை நீங்களே கிளறுவானேன்? ஓய்வு பெற இரண்டு வருஷம்தானே இருக்கிறது?" என்றார். கோபமில்லை அவருக்கு, புரியாத வருத்தம்தான். அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன் என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா? சொல்லவே இல்லையே," என்றார். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருஷம் பொத்தி வைத்திருந்த விஷயத்துக்கு அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது.

செயலகத்தின் பதில் கண்ணியமாக இருந்தது. அறிக்கை ஏற்கெனவே அவையில் வைக்கப்பட்டுவிட்டது. அதைத் திருத்த வழியில்லை. குழுவின் பணியும் முடிந்தது. கடிதம் கோப்பில் வைக்கப்படும். இதே பொருளை வருங்காலத்தில் எடுத்துக்கொள்ளும் குழு விரும்பினால் பார்க்கலாம். காரில் என்னோடு வந்த பெண்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வரிவரியாக, ஒன்றையும் விடாமல். இடையிடையே தலையாட்டினாள்.

"அப்ப அடுத்து ஒரு குழு வந்தாத்தான்."

"ஆமா."

"எப்ப வரும்?"

"தெரியல. வராமலும் போவலாம். யாராச்சும் ஒரு ஒய்பி கேக்கணும். கேட்டு, அத நாடாளுமன்றம் எடுத்துக்கணும்."

"அந்த நீலத்துணி அம்மா கேப்பாங்களா?"

"கேக்கலாம்." அவருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்ததைச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கடிதத்தை வாங்கி மடித்துக் கணவர் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை நகர்த்திவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அப்பிடி வந்தா நீ வராத. நானே பேசிக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச மலாய் போதும்."

சரி என்றேன். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லை. முடிவு பண்ணிவிட்டவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"சாப்டுட்டுப் போ. கருவாடுதான் இருக்கு," என்றாள்.

உட்கார்ந்தேன். தட்டு வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.